திரை போன கல்குலேற்றரை எறிவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுச் சொந்தங்கள் கப்பல் பெட்டியில் அனுப்பும் பழைய மின்சாதனங்களைப் பற்றி உங்கள் வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். அங்கே வேண்டாம் என்று ஒதுக்கிய குப்பையை இங்கே பாசத்தின் பேரில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்பது அவர் வாதம். பாதி சரி. கனடாவில் 120 வோல்ற்றில் ஓடின மிக்சியை இங்கே 230 வோல்ற் செருகியில் போட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் குசினியே கண்டிருக்கிறது. ஆனால் வருவதெல்லாம் குப்பை, திறந்தும் பார்க்காமல் எறியவேண்டியது என்று அவர் முடித்த விதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் கணக்கில் குப்பையான ஒரு பொருள் இப்போது என் உயர்தர வகுப்பில் கைமாறிக் கைமாறி ஓடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மல்லாவிப் பக்கம் இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். மனைவியின் தமையன் கனடாவில் இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாவித்து முடித்து லாச்சிக்குள் போட்டுவைத்திருந்த வரைபுக் கல்குலேற்றர் ஒன்றை, பால்மாப் பைக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் நடுவில் செருகி அனுப்பியிருந்தார். பற்றரி போட்டதும் திரை வந்தது, எண்களும் வந்தன. ஆனால் மேலிருந்து கீழாக அங்கங்கே கோடு கோடாக ஒன்றுமே தெரியவில்லை. எந்தக் கொம்பனியின் பொருள் என்று எழுதப்போவதில்லை. வருடக்கணக்காகப் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் அடிபட்டு, பிறகு கடலும் தாண்டி வந்த ஒன்றின் பழுதைச் செய்தவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், சாதாரணக் கல்குலேற்றர் விடையை மட்டும் தரும், இது ஒரு சார்பைக் கொடுத்தால் அதன் வரைபையும் கீறிக் காட்டும். இந்த வகையில் முதலாவதாகக் கடைக்கு வந்தது கசியோவின் எஃப்எக்ஸ்-7000ஜி, 1985இல். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் இது சர்வசாதாரணம். புதிதாக வாங்கப்போனால் பல மொடல்கள் 100 அமெரிக்க டொலருக்கு மேலே, எங்கள் காசில் 30,000 ரூபாவைத் தாண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தக் காசைப் பிள்ளையின் கல்குலேற்றருக்கு எடுத்து வைக்கக்கூடிய தாய் தகப்பன் வன்னியில் எத்தனை பேர்?

சோதனைக்குக் கொண்டுபோக முடியாத சாமானுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்களே கேட்டார்கள். உண்மைதான், இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் கல்குலேற்றர் பரீட்சை மண்டபத்துக்குள் போகாது, மடக்கை அட்டவணைதான் துணை. ஆனால் நான் அதைக் கொடுப்பது விடை காண்பதற்கு அல்ல. |x-2| உடன் |x+1| ஐக் கூட்டினால் வரைபு ஏன் நடுவில் தட்டையாகிறது என்பதைக் கரும்பலகையில் நான் கீறிக் காட்டுவதும், பிள்ளை தானே எண்ணை மாற்றி மாற்றி அந்தத் தட்டை நீளுவதையும் குறுகுவதையும் பார்ப்பதும் ஒன்றல்ல. சரி, போனில் இலவசச் செயலிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, இதைவிடத் திறமான வேலையும் செய்கின்றன. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் போன் கொண்டுவரக்கூடாது, வீட்டில் தகப்பன் தோட்டத்தால் வந்த பிறகுதான் அந்த ஒரு போன் கைக்குக் கிடைக்கும், கிடைத்தாலும் வரைபு பார்க்கத் திறந்த போனில் வரைபு மட்டும் பார்க்கிற பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இனித் திரைக்கு வருகிறேன். கோடு கோடாகப் போன திரையோடு அப்படியே பாவித்தால் என்ன, மிச்சம் தெரிகிறதுதானே என்று நினைக்கலாம். முழுக்கச் செத்த திரையைவிட அரைகுறைத் திரைதான் ஆபத்து. இந்தத் திரைகளில் ஒரு இலக்கம் ஐந்து புள்ளி அகலம், ஏழு புள்ளி உயரத்துக்குள் அடங்கிவிடும். 8 விழுகிற இடத்தில் இடது ஓர நிரல், அதாவது மேலிருந்து கீழான புள்ளி வரிசை, போய்விட்டால் மிஞ்சுவது பார்வைக்கு 3. குறுக்காக ஒரு நிரை போனால் இன்னும் மோசம், கழித்தல் குறி ஒரே ஒரு புள்ளி உயரம்தான், அந்த நிரை இல்லையென்றால் மறை எண் நேர் எண்ணாகிவிடும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

வரைபில் வேறு விதமான பிரச்சினை. ஒரு மாணவி y=x² இன் பரவளைவைப் பார்த்துவிட்டு, "சேர், இந்த இடத்தில சார்பு தொடர்ச்சியில்லையோ?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, ஏனென்றால் திரையில் அந்த இடத்தில் வளையி உண்மையாகவே அறுந்துதான் தெரிந்தது. நான் பதில் சொல்லவில்லை, x அச்சின் வீச்சைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். வளையி நகர்ந்தது, இடைவெளி நின்ற இடத்திலேயே நின்றது. சார்பில் உள்ள இடைவெளி என்றால் வளையியோடு சேர்ந்து நகரவேண்டும், கண்ணாடியில் உள்ளது நகராது. இதே சாதனம் சில வேளை எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். தான் x (tan x) கீறச் சொன்னால், அணுகுகோடு, அதாவது வளையி நெருங்கிப் போயும் தொடாத கோடு, இருக்கிற இடத்தில் மேலே போன புள்ளியையும் கீழே இருக்கிற புள்ளியையும் தானாக ஒரு நிலைக்குத்துக் கோட்டால் இணைத்துவிடும். அங்கே இல்லாத கோடு அது. தொடர்ச்சி பற்றி நான் எடுத்த வகுப்புகளில் பிள்ளைகள் அதிகம் சண்டை பிடித்த வகுப்பு அதுதான், அதற்காக இந்தப் பழுதுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று ஒரு நினைப்புக்கூட வந்தது. ஆனாலும் 8ஐ 3 ஆக்குகிற சாமானைப் பிள்ளைகளிடம் அப்படியே விடமுடியாது.

கிளிநொச்சிக்குப் போகிற அலுவலோடு அலுவலாக ஒரு போன் திருத்தும் கடையில் கொடுத்தேன். கெட்டிக்காரத் தம்பி, போன் ஒன்றின் கண்ணாடியை நான் பார்த்துக்கொண்டிருக்கக் கழற்றி வேறு போட்டுக் கொடுத்தார். என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேர், இதுக்கு டிஸ்பிளே எடுக்கேலாது. எறிஞ்சுபோட்டு வேற வாங்குங்கோ." சும்மா சூடு காட்டிப் பார்ப்போமா என்று சுடுகாற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார், நான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரைக் குறை சொல்லவில்லை. போன் கடைத் தொழில் இன்று உதிரிப்பாகத்தை நம்பி நடக்கிறது, பழையதைக் கழற்று, கொழும்பிலிருந்து வந்ததைப் போடு, அவ்வளவுதான். உதிரிப்பாகம் வராத சாமான் அவர்கள் கண்ணில் செத்த சாமான். இரண்டு மணித்தியாலம் குனிந்திருந்து பழைய ஒட்டொன்றைச் சரிபண்ணினால் அந்த நேரத்துக்கு யார் காசு கொடுக்கப்போகிறோம்? நாங்கள் கொடுப்பதில்லை, அவர்களும் செய்வதில்லை.

என் பக்கத்து ஒழுங்கையில் முந்தி றேடியோ திருத்தின அண்ணை ஒருவர் இருக்கிறார். 1990களில் பற்றரியும் மண்ணெண்ணெயும் அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் செய்தி கேட்ட சனத்துக்கு றேடியோ சரிபண்ணிக் கொடுத்தவர். அவர் கல்குலேற்றரைக் கையில் வாங்கினார், திரைக்குக் கீழே சட்டத்தைப் பெருவிரலால் மெல்ல அமத்தினார். காணாமல் போன கோடுகளில் சில வந்தன, விரலை எடுக்கப் போயின. "மாஸ்ரர், கண்ணாடிக்கு ஒண்டும் இல்லை. ஒட்டு விட்டிட்டுது, அவ்வளவுதான்." கடையில் ஒருவரும் செய்யாத சோதனை இது, செலவும் இல்லை.

இதன் உள்ளே இருக்கிற கணக்கு அழகானது, அதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனமில்லை. இந்த வகைத் திரைகளில் பொதுவாக 96 நிரல், 64 நிரை இருக்கும், சிலவற்றில் 128க்கு 64. முதலாவதை எடுத்துக்கொண்டால் மொத்தம் 6,144 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு கம்பி என்று 6,144 கம்பி இழுப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் நிரலுக்கு ஒன்று, நிரைக்கு ஒன்று என்று 160 கடத்திகளை மட்டும் வைத்து, நிரை நிரையாக மிக வேகமாக மாறி மாறி மின்னழுத்தம் கொடுக்கிறார்கள், நிரலும் நிரையும் சந்திக்கிற புள்ளி கறுக்கிறது. ஆகவே ஒரு நிரலின் கடத்தி இணைப்பு விட்டால் ஒரு புள்ளி போகாது, 64 புள்ளியும் சேர்ந்து முழு நிரலாகப் போகும். நேர்கோடாக ஒரு நிரல் முழுக்கக் காணாமல் போயிருந்தால் சந்தேகத்தைக் கண்ணாடியில் போடாதீர்கள், கடத்தியில் போடுங்கள். மை ஊற்றின மாதிரி கறுப்பாகப் பரவி நின்றால் கண்ணாடி வெடித்துத் திரவப் பளிங்கு ஒழுகிவிட்டது, அதற்கு ஒரு வைத்தியமும் இல்லை. திரை முழுக்கக் குப்பையாக ஏதேதோ தெரிந்தால், அல்லது ஒன்றுமே தெரியாவிட்டால், திரைப் பலகைக்கும் தாய்ப் பலகைக்கும் இடையே போகிற தட்டை நாடாவைப் பார்க்கவேண்டும். அதற்கும் முன்னால் கொன்ராஸ்ற் குறைந்து கிடக்கிறதா என்று பாருங்கள், பல மொடல்களில் இரண்டாம் தொழிற்பாட்டு விசையை அமத்திவிட்டு மேல் அம்புக்குறியை அமத்திப் பிடித்தால் போதும். லாச்சிக்குள் நாலு வருடம் கிடந்த சாமானைச் "செத்துப்போச்சு" என்று விற்கிறவர்கள் பலர் அதைக்கூடச் செய்து பார்ப்பதில்லை.

ஒரு விடுமுறை நாளில் அண்ணையின் வாங்கில் வைத்துத் திறந்தோம். நான்கு சின்னப் பற்றரியையும் நினைவகத்துக்கான பொத்தான் பற்றரியையும் முதலில் எடுத்துவிடவேண்டும், உள்ளே சேமித்தது அழியும், அழியட்டும். பின்பக்கத்து ஸ்குறூக்கள் ஆறு முனை நட்சத்திர வகை, ரி6 அளவு, சாதாரண ஸ்குறூ றைவரால் தோண்டினால் தலை தேய்ந்துவிடும், பிறகு ஒருவராலும் கழற்ற ஏலாது. போன் கடைகளில் அந்தச் சாவி இருக்கும், இரவல் தருவார்கள். ஓரத்துக் கொளுவிகளைப் பழைய ரெலிபோன் காட் ஒன்றைச் செருகி விடுவித்தோம். பற்றரி அறையின் தகடுகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அல்கலைன் பற்றரி ஒழுகினால் வருவது அது, காரம், ஆகவே அமிலத்துக்குக் கட்டுப்படும். தேசிக்காய்ச் சாற்றில் பஞ்சைத் தோய்த்துத் தேய்த்து, பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்துக் காயவிட்டோம். கை கழுவுகிற சானிட்டைசரைப் பாவிக்காதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரீனும் கலந்திருக்கும். எந்த அற்ககோலையும் திரையின் முகத்தில் ஒட்டியிருக்கிற முனைவாக்கித் தாளில் படவிடவும் வேண்டாம்.

பிரதான பழுது, அண்ணை சொன்ன இடத்தில்தான். கண்ணாடிக்கும் சின்னப் பச்சைப் பலகைக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று போகிறது. அதில் மயிரளவு கரிக்கோடுகள், அந்தக் கோடுகளைச் சூட்டுக்கு உருகும் பசை ஒன்று இருபக்கமும் பிடித்துவைத்திருக்கிறது. ஈயம் வைத்துப் பொருத்தின இடமே இல்லை. கண்ணாடியில் உள்ள கடத்தி இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு என்ற ஒளிபுகும் படை, அதிலும் ஈயம் ஒட்டாது, கரிக்கோட்டிலும் ஒட்டாது. இந்தப் பசைதான் சூட்டிலும் ஈரத்திலும் காலப்போக்கில் தளர்கிறது. கப்பல் பெட்டி வாரக்கணக்காக வெயிலில் கிடக்கும், வந்து சேர்ந்தால் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே ஆவணி வெக்கை, அது என்ன பாடுபடும்? கடைத் தம்பி சுடுகாற்றைப் பிடித்திருந்தால் அந்தத் தாள் ஒரு கணத்தில் சுருண்டிருக்கும், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சூடு வேண்டும், ஆனால் அளவான சூடு. வெப்பநிலை மாற்றக்கூடிய சோல்டரிங் அயனை 200 பாகைக்குக் கீழே இறக்கி, தாளுக்கும் அயனுக்கும் நடுவில் கேக் சுடுகிற தாள் துண்டொன்றை வைத்து, சேலைக் கரையை அயன் பண்ணுகிறமாதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக அமத்திக்கொண்டு போகவேண்டும். அயனை எடுத்ததும் பசை ஆறும்வரை அழிறப்பரால் அமத்திப் பிடிக்கவேண்டும். நான் பற்றரிப் பெட்டியைக் கம்பியால் இணைத்துத் திரையை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணை அமத்தினார். ஒவ்வொரு நிரலாகக் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்க்க வேணும், எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டவேண்டும் போலிருந்தது, அண்ணை முறைத்துப் பார்த்ததால் அடக்கிக்கொண்டேன். மூடுவதற்கு முன் அந்த ஒட்டுக்கு மேலே மெல்லிய பஞ்சு நாடா ஒன்றை ஒட்டினோம், பின்மூடியை ஸ்குறூ பண்ணும்போது அது ஒட்டை எப்போதும் அமத்திக்கொண்டிருக்கும். இந்தப் பஞ்சுதான் நீண்டகாலத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன், சூடு மட்டும் காட்டினால் அடுத்த வெக்கைக்குத் திரும்பவும் விடக்கூடும்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். வலது ஓரத்தில் ஒரு நிரல் இன்னும் வரவில்லை, அந்தக் கரிக்கோடே நடுவில் அறுந்திருக்கிறது, அதற்குத் தாளையே மாற்றவேண்டும், மாற்றுவதற்குத் தாள் இல்லை. அந்த ஓரத்தைத் திரைக்கு வெளியே ஒரு சின்னக் கறுப்பு ஒட்டுத்தாளால் மறைத்து, அந்த இடத்தை நம்பாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மிச்சம் 95 நிரலில் சைனும் கோசைனும் தாராளமாக ஓடுகின்றன.

ஆகவே குப்பை என்று எழுதின வாசகருக்கு நான் சொல்வது, எது குப்பை என்பது மூடியைத் திறந்தால்தான் தெரியும், எங்கள் பக்கம் திறப்பதற்கு ஆள் இல்லாமல் போவதுதான் பிரச்சினை. என் பக்கத்து ஒழுங்கை அண்ணைக்கு இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது, அவரிடம் தொழில் பழக ஒரு பெடியனும் வரவில்லை, பழகினாலும் அதில் சீவிக்கலாமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மேசை, இரண்டு சோல்டரிங் அயன், ஒரு மல்ரிமீற்றர், ஆர்வமுள்ள மாணவர் நாலு பேர். வன்னிப் பள்ளிக்கூடங்கள் தங்கள் ஆய்வுகூட அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிற ஓடாத கல்குலேற்றரையும் மல்ரிமீற்றரையும் தராசையும் அங்கே கொண்டுபோகட்டும். பல மல்ரிமீற்றர்களில் திரைக்கு இந்தப் பசைத் தாள்கூட இல்லை, கடத்தும் படையும் கடத்தாத படையும் மாறி மாறி அடுக்கின ஒரு றப்பர் துண்டுதான் நடுவில் இருக்கும், கழற்றி அற்ககோலால் துடைத்துத் திரும்ப வைத்தாலே அரைவாசி சரியாகிவிடும். படிக்கிற பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல செய்முறை எங்கே கிடைக்கும்? பெரிய காசு தேவையில்லை, யாராவது ஒரு விரிவுரையாளர் மனம் வைத்தால் போதும்.

அனுப்புகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, அந்த விடயத்தில் முந்தின வாசகரோடு நான் ஒரே பக்கம். அனுப்ப முன் பற்றரியைப் போட்டு ஒரு தரம் இயக்கிப் பாருங்கள், கண்ணாடி வெடித்ததை அனுப்பவேண்டாம். பிறகு பற்றரியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், ஒழுகின பற்றரி கெடுத்த அளவுக்குக் கப்பல் கெடுப்பதில்லை. மேல்மூடி இருந்தால் அதையும் போட்டு, உடுப்புக்குள் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள், பால்மாவுக்குக் கீழே வேண்டாம். பழைய மாணவர் சங்கங்கள் இன்னொரு பரிசளிப்பு விழா மேடைக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து, அங்கே பிள்ளைகள் படித்து முடித்த வீடுகளில் லாச்சிக்குள் கிடக்கிற கல்குலேற்றர்களைச் சேர்க்கலாம். ஒரே மொடலில் நான்கைந்து வந்தால் மிக நல்லது, கண்ணாடி போனதிலிருந்து தாளைக் கழற்றி ஒட்டுப் போனதற்குப் போடலாம், என் வலது ஓர நிரலும் அப்படித்தான் ஒருநாள் வரவேண்டும்.

அதுவரை, துணுக்காய், மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் திரை போன கல்குலேற்றர் இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எனக்குத் தெரியப்படுத்துங்கள். விடுமுறை நாளில் அண்ணையும் நானும் வந்து திறந்து பார்க்கிறோம். ரி6 சாவி எங்களிடம் இருக்கிறது, புதுப் பற்றரி நான்கை மட்டும் அவர்கள் வாங்கி வைத்தால் சரி.

இப்படிக்கு,
இணைந்த கணித ஆசிரியர் ஒருவர்,
மல்லாவி.